தாசில்தார் வீட்டுக்குள்தான் இருக்கிறார்

கிழக்குத் தாம்பரம்,
3-12-1986

அக்கா பெற்று நான் வளர்த்த சாவித்ரிக்கு, மாமா சிட்டிபாபு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை கிளியம்மாள், வாசல் முருங்கை மரம், ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டு, அதில் நிற்கும் முந்நூறு சைக்கிள், எல்லோரும் சௌக்கியம்.

உன் குண்டக்கல் கடிதம் இன்று காலை வந்தது. ஸ்டாண்டிலேயே பிரித்து உரக்கப் படித்தேன். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். இரண்டு பேருக்கு வண்டி போய்விட்டது. பரவாயில்லை, அடுத்த வண்டி வரும். இப்படிப்பட்ட கடிதம் வருமா?

மாப்பிள்ளை கேசவன் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று எழுதியிருக்கிறாய். நான் இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய ஸ்டேஷனில் அரை என்றால் சின்ன ஸ்டேஷனில் முழுசு. கணக்கு சரிதானே? நீயும் அப்படியே சொல்.

தலைப்பொங்கல் சீர் கொண்டு வரும்போது தாசில்தாரையும் கொண்டு வரச் சொல்கிறாய். மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டாராம். "அவர் டியூட்டிக்குப் போனால் பகல் முழுக்க எனக்கு நாலு சுவர்தான், அக்கம்பக்கத்துப் பேச்சு ஒரு எழுத்தும் புரியவில்லை, தாசில்தார் இருந்தால் ஒரு உயிரின் சத்தமாவது கேட்கும்" என்ற இடத்தை நான் படித்தபோது ஸ்டாண்டில் ஒரே புழுதி. கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

புதிதாக டோக்கன் வாங்கிய ஒரு ஆள் வாயைப் பிளந்துவிட்டார். "இன்னா சார், பொண்ணுக்குச் சீரோட தாசில்தாரையே அனுப்பிக்கினு கீறீங்க?" என்றார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூன்று வருஷம் முன்பு நான் வாங்கித் தந்த சீமை எலி, இங்கிலீஷில் கினி பிக், தேங்காய் அளவு இருக்கும், வால் கிடையாது, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து காகிதம் மெல்லும், யார் எதிரில் வந்து நின்றாலும் எழுந்திருக்காது, அதனால் என் அக்கா மகள் வைத்த பேர் அது என்று விளக்கியிருக்கலாம். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் வணக்கம் வைத்துவிட்டுத்தான் சைக்கிளைப் பூட்டினார்.

நீ கவலைப்படவே வேண்டாம். நீ ரயில் ஏறிய அன்றைக்கே நான் செய்த ஏற்பாடு உனக்குத் தெரியும். நாற்பத்தேழாம் நம்பர் தகர டோக்கன் ஒன்று தாசில்தார் கழுத்தில், அதன் ஜோடி உன் டிரங்குப் பெட்டியில். இருபத்திரண்டு வருஷத்தில் சிட்டிபாபு ஸ்டாண்டில் ஒரு சைக்கிள், ஒரு பெல், ஒரு காற்று மூடி காணாமல் போனது கிடையாது. டோக்கன் கட்டிய பொருள் எங்கே போய்விடும்?

தாசில்தார் நலம். கொஞ்சம் பெருத்திருக்கலாம், இளைத்தும் இருக்கலாம். எப்படியானாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். இன்லண்ட் தாளில் இடம் முடிந்துவிட்டதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

சிட்டிபாபு


குண்டக்கல், ரயில்வே குவார்ட்டர்ஸ்,
8-12-1986

மாமாவுக்கு சாவித்ரி வணக்கம்.

இன்லண்டில் இடம் முடியவில்லை. கீழே நாலு விரற்கடை வெள்ளையாக இருக்கிறது.

பெருத்திருக்கலாம், இளைத்திருக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பார்த்தால் தெரிந்துவிடாதா? தினமும் கூண்டைத் திறந்து கீரை போடுகிற ஆள் இப்படி எழுதுவாரா? "வீட்டுக்குள்தான் இருக்கிறார்" என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். நன்றாக இருக்கிற ஒன்றைப் பற்றி யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். தொலைந்த சாவியைப் பற்றித்தான் சொல்வார்கள்.

மாமா, உங்கள் பேச்சு எனக்குப் புதிதில்லை. திருநீர்மலையில் என் கல்யாணத்தன்று மழை பெய்யவே இல்லை. நீங்கள்தான் மழை நின்று வழிவிட்டதாக அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடந்தது அப்படியே வேண்டும். அடுத்த கடிதத்தில் எது நிஜமோ அதற்குக் கீழே கோடு போட்டு அனுப்புங்கள். மற்றதையும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் உங்கள் கடிதம் மாதிரியே இருக்காது.

தாசில்தார் எங்கே?

சாவித்ரி


கிழக்குத் தாம்பரம்,
14-12-1986

சாவித்ரிக்கு மாமா எழுதுவது.

நீ கேட்டபடி கோடு போட்டிருக்கிறேன். எல்லா வரிக்கும் போட்டதால் படிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நவம்பர் இருபத்தொன்பது, சனிக்கிழமை. நான் கூண்டைக் கழுவுவதற்காகத் தாசில்தாரை எடுத்துக் கூடத்தில் விட்டேன். அப்போது வானத்தில் ஏர்போர்ஸ் விமானம் ஒன்று நம் வீட்டு ஓட்டுக் கூரையை உரசிக்கொண்டு போனது. பைலட்டின் மீசை எனக்குத் தெரிந்தது. நான் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தபோது தாசில்தார் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. ஆகவே அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்.

அன்றிலிருந்து நான் ஸ்டாண்டுக்கு அரை நாள்தான் போகிறேன். அரிசி மூட்டையைப் புரட்டினேன். கட்டிலைத் தலைகீழாக நிறுத்தினேன். ஆட்டுக்கல்லை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன். நம் பின்போர்ஷனில் குடியிருக்கிற டிராயிங் மாஸ்டர் சத்தியநாதன் சார் அதைப் பார்த்து, "உங்களை அப்படியே படமா வரையணும்" என்றார். (அவர் சொன்னது, "கையை நசுக்கிக்காதீங்க சார்". ஆனால் முகத்தில் அந்த அபிப்பிராயம் இருந்தது.)

கிளியம்மாள் பேச்சுதான் தாங்க முடியவில்லை. "முந்நூறு சைக்கிளைக் கட்டி மேய்க்கிற ஆளு, ஊட்டுக்குள்ள ஒரு எலியைத் தொலைச்சிட்டு நிக்கிறியே, வெளில சொல்லிடாதய்யா, நாளைக்கு ஒருத்தன் வண்டி உடமாட்டான்" என்கிறாள். நியாயம்தான். நான் வெளியில் சொல்லவில்லை.

இப்போது ஒரு விஞ்ஞான முறை கண்டுபிடித்திருக்கிறேன். அவளுடைய கோல மாவை எடுத்துக் கூடம் முழுக்க மெல்லிசாகச் சலித்துவிட்டுப் படுக்கிறேன். தரையில் பனி விழுந்த மாதிரி இருக்கிறது. காலையில் கால் தடம் கிடைக்கும். கிடைத்ததும் எழுதுகிறேன்.

சிட்டிபாபு


குண்டக்கல்,
20-12-1986

மாமாவுக்கு,

ஆக, பதினைந்து நாள் தொலைந்து போயிருக்கிறது, எனக்கு அது சௌக்கியம் என்று எழுதினீர்கள். கோபம் வந்தது. உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சாயங்காலம் மறுபடி எடுத்துப் படித்தேன். பைலட் மீசையில் சிரித்துவிட்டேன். அதற்காக இன்னும் கொஞ்சம் கோபம்.

அவரிடம் சொன்னேன். "உயிரோடு இருந்தால் ஏதாவது தின்றாக வேண்டும், ஏதாவது குறைகிறதா என்று கேள்" என்றார். ரயில்வேக்காரர், எதற்கும் வரவு செலவுதான். ஆனால் நல்ல கேள்வி. காய்கறிக் கூடையில் எதிலாவது பல் பட்டிருக்கிறதா? முருங்கைக் கீரை உதிர்ந்த இடத்தில் காம்பு மட்டும் கிடக்கிறதா?

இன்னொன்று. காலை ஆறு மணிக்கு நான் கீரைக் கட்டை உதறினால் தாசில்தார் வீல் வீல் என்று கத்தும். நீங்கள் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பீர்கள். ஆறு மணிக்கு யாராவது கீரையை உதறிப் பார்த்தீர்களா?

தடம் கிடைத்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் எழுதுங்கள். அது என்ன நினைத்துக்கொண்டு நடந்தது என்பதெல்லாம் வேண்டாம்.

உங்களைத் தேட வைத்துவிட்டு நான் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது. அது நம் வீட்டில் நடக்கிற சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் பகலைத் தள்ளுகிறேன்.

சாவித்ரி


கிழக்குத் தாம்பரம்,
28-12-1986

சாவித்ரிக்கு மாமா எழுதுவது.

உயிரோடு இருக்கிறார்! கத்திரிக்காய் ஒன்றில் வட்டமாகப் பல் பட்டிருக்கிறது. மாவில் தடமும் கிடைத்துவிட்டது. இதைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். (ஒருவர் வந்தார். மாவு மில்லுக்கு வழி கேட்டு வந்தவர்.)

சத்தியநாதன் சார் தரையில் குப்புறப் படுத்துத் தடத்தைப் படமாக வரைந்தார். முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று. எனக்கு அது முன்பே தெரியும், அவர் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. தடம் சமையலறைக் காய்கறிக் கூடையில் தொடங்குகிறது. சுவர் ஓரமாகவே வருகிறது. கட்டிலுக்கு அடியில் போகிறது. அங்கே என் பழைய வால்வு ரேடியோ தரையில் இருக்கிறதல்லவா, உன் பாவாடைத் துணியில் தைத்த உறை போட்டு? அதற்குப் பின்னால் போய் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்த தடம் இல்லை. ஆகவே அங்கிருந்து சுவர் மேல் ஏறியிருக்கிறார். சீமை எலிக்கு அந்தத் திறமை உண்டு என்று லண்டனில் நிரூபித்திருக்கிறார்கள்.

ஆறு மணிக்குக் கீரை உதறச் சொன்னாய். உதறினேன். பதிலுக்கு ஒரு அதிசயம். ரேடியோ பேசியது! கரண்டு இல்லை, ஏரியல் இல்லை, ஐந்து வருஷமாக வாயைத் திறக்காத ரேடியோ, உள்ளேயிருந்து "டிங்" என்று ஒரு மணிச் சத்தம். பிறகு மெதுவாக ஒரு விசில். சத்தியநாதன் சாரும் கேட்டார். ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன் காலை நிகழ்ச்சி தொடங்குகிற மணி என்று நான் அவருக்கு விளக்கினேன். பழைய செட்டு அப்படி. உள்ளே எல்லாம் அசல் ஜெர்மன் சாமான். அதனால்தான் யாரையும் தொட விடுவதில்லை. சார் பின்பக்கம் திறந்து பார்க்கலாமா என்றார். "உள்ளே கை வெச்சா எழுநூறு வோல்ட்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு தலைவலி. வெள்ளையடிக்கப் போகிறாள் உன் அத்தை. போகிக்குக் கொளுத்துவதற்கு என்று பழைய பாய், கிழிந்த முறம் எல்லாம் வாசலில் சேர்க்கிறாள். ரேடியோவையும் கணக்கில் சேர்த்துவிட்டாள். "அந்தப் பொட்டியும் போவட்டும்! பேசவும் மாட்டேங்குது, எடத்தையும் அடைச்சிக்கினு கீது, ஒன்ன மாதிரியாவது பேசித் தொலைச்சா வெச்சிக்கலாம்" என்கிறாள். நான் ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறேன். அது எரிந்துபோனாலும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதே.

சிட்டிபாபு


குண்டக்கல்,
2-1-1987

மாமா,

இதைப் படித்து முடித்ததும் முதலில் கட்டிலுக்கு அடியில் போங்கள். ரேடியோவை யாரும் தூக்கக்கூடாது, அசைக்கக்கூடாது. அத்தையிடம் கெஞ்சுங்கள், சண்டை போடுங்கள், எதையாவது கட்டிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா.

"டிங்" என்றது எந்த ஸ்டேஷனும் இல்லை. நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன். தகரம் மரத்தில் இடித்தால் அப்படித்தான் கேட்கும். விசில் அடித்ததும் தாசில்தார்தான். கீரைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பதில் சொல்லியிருக்கிறது.

உள்ளே ஜெர்மன் சாமான் நிறைய இருக்கிறது, எலி எப்படி நுழையும் என்று நீங்கள் எழுதுவீர்கள். அதற்காக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது பந்து உருண்டு போய் அதன் பின்னால் விழுந்தது. எடுக்கப் போனபோது பின்பலகையின் ஓரம் உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை மாமா. வால்வு இல்லை, கம்பி இல்லை, வெறும் பெட்டி. அந்த வருஷம்தான் நான் ஸ்கூலில் மைசூர் டூர் போனேன். எல்லாவற்றையும் எங்கே கொண்டு போய் விற்றீர்கள், எதற்கு விற்றீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அத்தையிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். உறை தைத்துப் போட்டதே அதற்காகத்தான்.

காலி என்று தெரிந்துவிடும் என்றுதானே சத்தியநாதன் சாரைத் திறக்க விடவில்லை? எரிந்தால் நல்லது என்றீர்களே, அதுவும் அதற்குத்தானே? ரகசியத்தோடு சேர்த்துத் தாசில்தாரையும் கொளுத்திவிடாதீர்கள்.

பின்பலகையைத் திறங்கள். உடனே எழுதுங்கள். நீங்கள் சீர் கொண்டு வருகிற அன்று கூடையோடு வருவீர்கள் என்று இங்கே கூண்டுக்கு இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன், ஜன்னல் ஓரமாக.

சாவித்ரி


கிழக்குத் தாம்பரம்,
9-1-1987

சாவித்ரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பின்பலகையைத் திறந்தேன். ரேடியோவில் இல்லை.

பன்னிரண்டாம் தேதி பம்பாய் மெயிலில் வருகிறேன். கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பானை எல்லாம் தயார். தாசில்தார் வரவில்லை. அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

சிட்டிபாபு


குண்டக்கல்,
20-1-1987

மாமாவுக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போய் ஐந்து நாள் ஆகிறது. உங்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஒன்பதாம் தேதிக் கடிதம், பொங்கல் நெரிசலில் எங்கோ சிக்கி நேற்றுத்தான் வந்தது.

முதலில் அதன் நீளத்தைப் பார்த்தேன். எட்டு வரிகூட இல்லை. உங்களிடமிருந்து இவ்வளவு சின்னக் கடிதம் என் ஜன்மத்தில் வந்ததில்லை. ஒரு விமானம் இல்லை, ஒரு மீசை இல்லை. எதுவும் கட்டிச் சொல்லாத உங்களை நான் எப்படி நம்புவது?

இரண்டாவது, இடது பக்கக் கீழ் மூலை. அங்கே காகிதம் அரை வட்டமாகக் காணோம். ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பல் வரிசை. என் பிளஸ் டூ நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே அரை வட்டம் உண்டு. அதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்ல முடியும். அத்தைக்குக் காகிதம் தின்னும் பழக்கம் இல்லை. சத்தியநாதன் சாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

"ரேடியோவில் இல்லை" என்று நேரிலும் சொன்னீர்கள், கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அது நிஜமாகவே இருக்கலாம். நீங்கள் எழுதும்போது அது உங்கள் மடியில் இருந்திருக்கும்.

நீங்கள் இங்கே இருந்தபோது நடந்தவை எல்லாம் இப்போது புரிகிறது. கரும்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் நான் ஒழித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தீர்கள். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. பொங்கலன்று காலை ஆறு மணிக்கு எழுந்து சமையலறைக்கு வந்து கொத்தமல்லிக் கட்டை எடுத்து ஒரு உதறு உதறினீர்கள். உதறிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் கதவோரத்தில் இருந்தேன், நீங்கள் பார்க்கவில்லை. காணாமல் போனதற்காக வருத்தப்படுகிறீர்கள் என்று நினைத்து அன்றைக்கு நானும் அழுதேன்.

ஏன் மாமா?

சாவித்ரி


கிழக்குத் தாம்பரம்,
26-1-1987

சாவித்ரிக்கு மாமா எழுதுவது.

அந்த மூலையைத் தபால்காரர் சைக்கிள் செயின் கடித்துவிட்டது என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் நன்றாகவே வந்தது. பிறகு கிழித்துவிட்டேன்.

எட்டாம் தேதி உன் கடிதம் வந்தது. உன் அத்தை தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்பலகையைத் திறந்தேன். உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கழுத்தில் டோக்கன். சுற்றிலும் சுக்குநூறாகக் காகிதம். அது என்ன காகிதம் என்று எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் முதல் தேதியும் அதற்கு அடுத்த நாளும் உனக்கு நான் எழுதி, தபாலில் போடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட இரண்டு கடிதம். அதில்தான் தொலைந்துபோன விஷயத்தை நேராக எழுதியிருந்தேன். ருசியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீரையை உதறினேன். வீல் என்று கத்தினார். கிளியம்மாள் அடுப்படியிலிருந்து, "சாவித்ரி, அதுக்கு ஒரு வாய் போட்டுட்டு வாயேண்டி" என்று குரல் கொடுத்தாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் அவளே வந்து போட்டாள். மூன்று வருஷமாக "எலி, எலி" என்று திட்டிக்கொண்டிருந்தவள்.

அன்றைக்குத்தான் அந்தச் சின்னக் கடிதத்தை எழுதினேன். மூலையில் வாய் வைக்கும்போது பார்த்தேன். விரட்டியிருக்கலாம், வேறு இன்லண்ட் எடுத்திருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ரயிலில் வரும்போது கூடை இல்லாமல் கை காலியாக இருந்தது. உன் ஜன்னல் ஓரத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்க் கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. நீ அங்கே தனியாக இருக்கிறாய். இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். நியாயமாகப் பார்த்தால் அது உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டுக்கு ஒரே சட்டம். யார் டோக்கன் காட்டுகிறார்களோ அவர்களுக்கு வண்டி. மழை பெய்தாலும், மூஞ்சி தெரியாவிட்டாலும், எனக்குப் பிடித்த வண்டியாக இருந்தாலும். டோக்கன் உன்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். மூங்கில் கூடை வாங்கியாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே. சொன்னால், மாமா தேடிக் கண்டுபிடித்தார் என்று சொல்.

சிட்டிபாபு


குண்டக்கல்,
1-2-1987

மாமாவுக்கு,

எட்டாம் தேதி வர வேண்டாம்.

நீங்கள் கொண்டு வந்த கரும்பு ஒரு கட்டு. இரண்டு பேரும் ஒரு மாதம் கடித்தாலும் தீராது. அத்தை செய்கிற மாதிரியே துண்டு போட்டு வரிசையில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை, நீட்டினேன், அவ்வளவுதான். மறுநாள் ஒரு வீட்டிலிருந்து அதே தட்டில் ஊறுகாய் வந்தது. இன்னொரு வீட்டம்மா வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அதில் பாதி புரியவில்லை. என்னுடையதில் பாதி அவருக்குப் புரியவில்லை. நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். மழை வழிவிட்ட கதையைச் சொன்னேன். எப்படியோ அது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது பகலில் இங்கே சத்தத்துக்குக் குறைவில்லை.

அதனால் டோக்கன் காட்டப் போவதில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அது என்னிடமே இருக்கட்டும். வண்டி உங்கள் ஸ்டாண்டில் நிற்கட்டும். டோக்கன் வைத்திருக்கிறவள் என்றைக்கு வேண்டுமானாலும் வந்து வண்டி இருக்கிறதா என்று பார்க்கலாம், அதுவும் சட்டம்தானே? சித்திரையில் வருகிறேன். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் தனியாக வருவேன்.

ரேடியோவை என்ன செய்தீர்கள்? போகியில் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் உறையைத் துவைத்துப் போடுங்கள்.

மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஒரு வரியாவது நிஜமாக இருக்கட்டும். எது என்று கோடு போட வேண்டாம். நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

சாவித்ரி


கிழக்குத் தாம்பரம்,
8-2-1987

அக்கா பெற்று நான் வளர்த்த சாவித்ரிக்கு, மாமா சிட்டிபாபு எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை ஸ்டாண்டில் உரக்கப் படித்தேன். இந்த முறை ஏழு பேருக்கு வண்டி தவறியது. நீ குண்டக்கல்லில் தெலுங்கில் பிரசங்கம் செய்வதாகவும், நாலாயிரம் வீட்டுக்குக் கரும்பு கொடுத்ததாகவும் கேட்டு எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்தப் புது டோக்கன் ஆசாமி, "தாசில்தார் கிளம்பிட்டாரா சார்?" என்றார். "அவருக்கு மாற்றல் ரத்தாகிவிட்டது, தாம்பரத்திலேயே இருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு" என்றேன். "மேலிடத்துல அவ்ளோ செல்வாக்கா!" என்று ஆடிப்போனார்.

ரேடியோ எரியவில்லை. போகியன்று நான் உன் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பாயும் முறமும் இல்லை, ரேடியோ மட்டும் கட்டிலுக்கு அடியில் அதே இடத்தில், துவைத்த உறையோடு. கிளியம்மாளை விசாரித்தேன். "உள்ள இருக்கறவரு எங்க போவாரு?" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தாசில்தாரையா, வால்வையா என்று திருப்பிக் கேட்டாள். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருக்கிறது.

இப்போது அவருக்கு அதுதான் ஆபீஸ். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை கத்துகிறார். நான் எழுந்துவிடுகிறேன். சத்தியநாதன் சார் பின்பலகையில் கதவு மாதிரி ஒரு படம் வரைந்து "உள்ளே அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கிறார். பார்க்க மூன்று மாவட்டத்திலிருந்து ஆள் வருகிறார்கள்.

நிஜமான வரி எது என்று நீ தேட வேண்டாம். இதுவரை எழுதிவிட்டு நான் தாசில்தாரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இடது பக்கக் கீழ் மூலையைப் பார். தாசில்தார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சிட்டிபாபு